பூ வைக்காமல் இறங்கின மாடுகள்

அந்தப் படத்தைப் போனில எடுக்காதையும் பிள்ளை. பஸ்சுக்குள்ள ஒட்டியிருக்கிறதெல்லாம் சுற்றுலாக்காரருக்கு ஒட்டினது. மாட்டின்ர தலையில பூமுடி, கழுத்தில பானை அளவில மணி, முன்னுக்கு ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நடக்கிறான். உவன்ர சட்டையைப் பாரும், ஒரு கசங்கலில்லை. மூண்டு மாதம் மலையில கிடந்து வாறவன்ர சட்டை அப்பிடியோ இருக்கும்?

நீர் தமிழ்ப்பிள்ளைதானே? "ஓமம்மா, சாப்பிட்டன்" எண்டு போனில சொன்னது காதில விழுந்தது. அதுதான் எழும்பி வந்து பக்கத்தில இருந்தனான். குறை நினைக்காதையும். முதியோர் இல்லத்தில வேலையோ? போன மாதம்தான் வந்தனீரோ? நல்லது. நல்ல வேலை. ஆனா கவனமா இரும். இந்தப் பள்ளத்தாக்கு ஆக்கள் ஒண்டையும் வாய் திறந்து சொல்ல மாட்டினம். சொல்லாமல் செய்வினம். ஏசினாலும் பரவாயில்லை, என்ன எண்டு தெரியும். பேசாமல் செய்யிற ஆளோடதான் பயம்.

என்ர பேர் யோகநாயகம். ஊர் பூநகரி. இஞ்ச வந்து முப்பத்திரண்டு வருசம். இவையளின்ர வாயில என்ர பேர் நிக்காது, "யோகா" எண்டுதான் கூப்பிடுவினம். மலைக்கு மேல நடந்து வாற சுற்றுலாக்காரர் கேட்டிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்துச் சிரிப்பினம். நான் என்ன கால் ரெண்டையும் தூக்கிக் கழுத்தில போட்டுக் காட்டவோ?

உம்மட இடத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு. நான் அதுக்கு முதல் இறங்கீடுவன். இண்டைக்கு ஒரு அலுவலாப் போறன். ரெட்டோ எண்டு ஒரு கமக்காரன். நான் கோடையில வேலை செய்யிற மலைமேய்ச்சலுக்கு அவன்தான் பொறுப்பு. வாற கோடைக்கும் வருவியோ, ஓமோ இல்லையோ, இந்தக் கிழமைக்குள்ள சொல்லு எண்டு கடிதம் போட்டிருக்கிறான். நான் இல்லை எண்டு சொல்லி, மலையில தங்குற மேல்வீட்டுக் கதவுத் திறப்பைக் கையில குடுத்திட்டு வரப்போறன். தபாலில அனுப்பலாம்தான். மகளும் அதைத்தான் சொன்னவள். ஆனா நான் சொல்லேக்க அவன்ர முகம் எப்பிடிப் போகுது எண்டு எனக்குப் பாக்கவேணும்.

ஏன் எண்டு கேக்கிறீரோ? கேட்டால்தான் சொல்லுவன். சரி, கேட்டிட்டீர்.

இருபத்திரண்டு வருசம் ஒரு ஹோட்டல் குசினியில கோப்பை கழுவினனான். ஹோட்டலைப் பூட்டிப்போட்டினம். வேலை தேடிக் குடுக்கிற கந்தோரில ஒரு பெட்டை கேட்டாள், உங்களுக்கு வேற என்ன தெரியும் எண்டு. மாடு தெரியும் எண்டு சொன்னன். பகிடிக்குச் சொன்னது. பூநகரியில எங்களிட்ட எண்பது மாடு நிண்ட பட்டி. பத்து வயசில நான் தனியச் சாய்ச்சுக்கொண்டு போவன். அவள் சிரிக்கேல்லை. கொம்பியூட்டரில தட்டினாள். அடுத்த யூன் மாதம் நான் ரெண்டாயிரம் மீற்றர் உயரத்தில நிக்கிறன்.

எங்கட ஆக்களுக்குக் கேக்கவேணுமே! சூரிச் கோயில் சபையில செல்வச்சந்திரன் எண்டு ஒருத்தர் இருக்கிறார், பலசரக்குக் கடை வைச்சிருக்கிறார். அன்னதானத்தில எல்லாருக்கும் முன்னால கேக்கிறார்: "என்ன யோகம், படிக்காட்டி மாடுதான் மேய்ப்பாய் எண்டு வாத்தியார் சொன்னதுக்கு, இவ்வளவு தூரம் வந்தோ மேய்க்கவேணும்?" சனம் முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சனான். பருப்புக்கறியை அப்பிடியே வைச்சிட்டு எழும்பீட்டன்.

ஆனா மாட்டைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டன் பிள்ளை. நீர் இஞ்ச கீழ காணுறது மண்ணிறத்துப் பெரிய மாடு, பால் பீப்பாவுக்குக் கால் முளைச்ச மாதிரி. அது மலைக்குச் சரிவராது. எங்கட மேய்ச்சலில நிக்கிறது சாம்பல் மாடு. சின்னது. வெள்ளி மாதிரி நிறம், மூக்குக் கறுப்பு, அந்தக் கறுப்பைச் சுத்தி ஒரு வெள்ளை வளையம். குளம்பு கல்லு. ஆடு ஏறப் பயப்பிடுற இடத்தில இது நிண்டு அசைபோடும். யூலையில பனி கொட்டினாலும் முதுகில வெள்ளையோட மேயும். பத்தை பறுகு ஒண்டும் விடாது. பால் கொஞ்சம்தான், ஆனா பால் எண்டால் பால். முதல் நாள் கண்டவுடன எனக்கு எங்கட வன்னி மாட்டைக் கண்ட மாதிரி இருந்தது. அந்தச் சின்ன உடம்பும் அந்தப் பிடிவாதமும்.

மேல ஏத்தினவுடன ஒரு கூத்து நடக்கும். பல வீட்டு மாடு ஒண்டாச் சேருதெல்லே, ஆர் பெரிசு எண்டு அதுகள் தலையோட தலை முட்டித் தீர்க்கும். ரெண்டு நாள் சண்டை. பிறகு மூண்டு மாதமும் ஒரு கொழுவலும் இல்லை. எங்கட சபைக்கும் அப்பிடி ஒண்டு வைச்சால் நல்லம். வெண்டவளுக்குத்தான் பெரிய மணி. மூண்டு வருசமா வெல்லுறவள் ஒருத்தி. அவையள் மெங்கா எண்டுவினம், நான் மேனகா எண்டு கூப்பிடுவன். மற்றதெல்லாம் மெசினில கறக்கும். மேனகா மெசினுக்குப் பால் விடாள். கையாலதான், அதுவும் என்ர கையாலதான். ரெட்டோ தொட்டால் உதைப்பாள். அவன்ர சொந்த மாடு!

மேல ரெண்டு பேர்தான் இருக்கிறது. நானும் உர்சினாவும். உர்சினா எண்டுறவ பாற்கட்டி காய்ச்சுற மனிசி. அம்பது வயசிருக்கும், கை உலக்கை மாதிரி. ரெட்டோ கீழ ஊரில, ஞாயிற்றுக்கிழமையில ஏறி வருவான். இழுத்து வாசிக்கிற பெட்டி ஒண்டு கொண்டுவந்து மேல்வீட்டு வாசல் மரவாங்கில இருந்து வாசிப்பான். நானும் உர்சினாவும் டொச்சில, ஜேர்மன் பாசையிலதான், கதைக்கிறது. என்ர டொச் குசினி டொச். "சூடு, கவனம், கெதியா, முடிஞ்சுது." அவையள் ரெண்டு பேரும் தங்களுக்குள்ள வேற பாசை. மலைப்பாசை. எனக்கு முன்னால அந்தப் பாசையில கதைச்சால் நான் என்ன நினைக்கிறது? நீரே சொல்லும்.

இப்ப கதைக்கு வாறன்.

செப்டம்பரில மாட்டை இறக்குறது இவையளுக்குத் திருவிழா. எங்கட தேர் மாதிரி எண்டு வையுமன். தேவதாரு கொப்பு, கடதாசிப் பூ, சரிகை, எல்லாம் கட்டித் தலையில முடி வைச்சு ஊருக்குள்ளால கொண்டுவருவினம். ரெண்டு பக்கமும் சனம், கைதட்டு, கமரா. முதல் ரெண்டு வருசமும் நான் கடைசியில வாறனான், தடியோட, நொண்டுற மாட்டைப் பாத்துக்கொண்டு. படத்தில நான் விழமாட்டன். சாணி விழும். இந்த வருசம் ஏத்தேக்க ரெட்டோ சொன்னான்: "யோகா, இந்தமுறை நீ முன்னுக்கு, மெங்காவோட." எனக்குச் சந்தோசத்தில எவ்வளவு புளுகம் தெரியுமோ. முன்னுக்கு நடக்கிறவன் போடுற நீலச் சட்டை, நெஞ்சில வெள்ளைப் பூத் தையல் போட்டது, அதை உர்சினா அளவெடுத்துத் தைக்கத் தொடங்கினவ. பூமுடியும் யூனிலயே கட்டத் தொடங்கீட்டா. மேனகாவின்ர முடி ஒரு தட்டில, ஒவ்வொரு நாளும் ரெண்டு பூ கூடும்.

நான் மகள் நிரோசாவுக்குச் சொன்னன். கோயில் ஆக்களுக்கும் சொன்னன். செல்வச்சந்திரனுக்குப் பிரத்தியேகமாச் சொன்னன். வாருங்கோ, மாடு மேய்க்கிறது எப்பிடி எண்டு வந்து பாருங்கோ எண்டு.

யூலை வரைக்கும் ஒரு பிழையும் இல்லை. யூலை நடுவில இருந்துதான் எல்லாம் மாறினது. நான் நல்லா யோசிச்சுப் பாத்திட்டன், அந்தக் கிழமைதான்.

மேல போன் பிடிக்காது. ஒரு பாறை இருக்கு, அதில ஏறி நிண்டால் ரெண்டு கோடு வரும். சனிக்கிழமையில ஏறுவன். அந்தச் சனிக்கிழமை தங்கச்சியின்ர மகன் குரல் அனுப்பியிருந்தான். "மாமா, அம்மம்மா வியாழன் விடிய மோசம் போயிட்டா. உங்களை எடுத்து எடுத்துப் பாத்தம். வெள்ளி பின்னேரம் எடுத்தாச்சு. கொள்ளி நான் வைச்சன்." அவ்வளவுதான். எண்பத்தாறு வயசு. நல்லாத்தான் இருந்தவ. சரி, வயசு போனால் என்ன செய்யிறது. பாறையால இறங்கி வந்து மாட்டைக் கறந்தன். முப்பத்தெட்டு மாடு. பால் செத்தவீடு பாத்து நிக்காது பிள்ளை.

ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஏன் சொல்லவேணும்? இறைச்சியை மட்டும் தள்ளி வைச்சன், முகம் வழிக்கேல்லை. வயிறு சரியில்லை எண்டு சொன்னன். உர்சினா மூண்டு நாள் பாத்தா. நாலாம் நாள் செப்புக் கிடாரத்துக்கு முன்னால என்னை மறிச்சு, "யோகா, வீட்டில என்ன?" எண்டு கேட்டா. அம்மா செத்துப்போனா எண்டு சொன்னன். என்ர டொச்சில அதுக்கு ரெண்டே ரெண்டு சொல்லுத்தான். கிடாரம் சூடாகீட்டுது எண்டு சொல்லுற மாதிரித்தான் வந்தது.

அவ கரண்டியை வைச்சிட்டு வெளிய போனா. பாற்கட்டி திரளுற நேரம், கிடாரத்தை விட்டிட்டு ஒருநாளும் அசையாத மனிசி. எட்டிப் பாத்தன். பாறையில ஏறி நிண்டு ஆரோடயோ கதைக்கிறா, மலைப்பாசையில. என்ர பேர் மட்டும் ரெண்டு தரம் விளங்கிச்சு.

நான் அப்பவே நினைச்சன். இது முதலாளிக்கு அறிவிக்கிற அலுவல்.

அண்டைக்கு மத்தியானமே ரெட்டோ ஏறி வந்திட்டான். அவன் வந்த நாள் எப்பிடிப்பட்ட நாள் எண்டு உமக்குச் சொல்லவேணும், அப்பதான் விளங்கும். புல்லு வெட்டிக் காயப்போட்டிருக்கிற கிழமை. வானம் கண்ணாடி மாதிரி. அப்பிடி நாளில இந்த ஊரில தகப்பன் விழுந்தாலும், புல்லை அள்ளிப்போட்டுத்தான் தூக்குவான்கள். மழை பிடிச்சால் பனிமாரி முழுக்க மாட்டுக்குச் சாப்பாடில்லை. அவன் அதை விட்டிட்டு வந்திருக்கிறான். முதுகில படுக்கைப் பை. காரின்ர திறப்பை மேசையில வைச்சான். "யோகா, வெளிக்கிடு. பின்னேரம் விமானநிலையத்தில விடுறன். மாட்டை நான் பாப்பன். எத்தினை நாள் எண்டாலும் நிண்டுட்டு வா."

ஏன்? எனக்கு ஒரு கேள்விதான் பிள்ளை. ஏன்? சொந்தக் காரியம் பாழாப் போகப் போக, ஒரு முதலாளி வேலைக்காரனைப் போ போ எண்டு தள்ளுறான் எண்டால் என்ன அர்த்தம்? இளவேனிலில ஒருக்கா அவன்ர வாயால கேட்டனான், போலந்துக்காரன் ஒருத்தன் வேலை கேட்டு வந்தவன், கெட்டிக்காரன் எண்டு. போனால் திரும்பி வாற நேரம் என்ர கட்டிலில அவன் படுத்திருப்பான். எனக்கு உது தெரியாதோ? ஒருக்கா ஊரில ஆமி வருகுது எண்டு வீட்டை விட்டு, நாலு நாளில வருவம் எண்டு திறப்பைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டு வெளிக்கிட்டனாங்கள். பிறகு அந்த வீட்டில ஆர் இருந்தவை எண்டு உலகத்துக்கே தெரியும்.

வேண்டாம், நான் நிக்கிறன் எண்டு சொன்னன்.

அவன் அந்த மேசையிலயே இருந்தான். தொப்பியை மடியில வைச்சு உருட்டிக்கொண்டு, மத்தியானத்தில இருந்து பின்னேரப் பால் கறக்கிற மட்டும். ஒருக்கா மட்டும், "அம்மா ஒண்டுதானே யோகா" எண்டான். இவன் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ? நான் மாட்டுக்கு உப்பு வைக்கப் போயிட்டன்.

திறப்பை எடுத்துக்கொண்டு போவான் எண்டு பாத்தால், ரெண்டு நாள் நிண்டான். கறவை முழுக்கத் தானே செய்தான். என்னை வாங்கில இருக்கச் சொன்னான். ஒரு மனிசனை வேலையில இருந்து எடுக்கிறதுக்கு முதல் என்ன செய்வினம்? அவனில்லாமல் ஓடுதோ எண்டு பாப்பினம். அதைத்தான் பாத்தவன். மேனகா உதைச்சாள், நல்ல வேளை. அவளை மட்டும் நான்தான் கறந்தன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொண்டாப் பாரும். ஞாயிற்றுக்கிழமை வருவான், பெட்டி கொண்டுவரமாட்டான். நான் கேக்கிறன், பாட்டு எங்க எண்டு. தலையை ஆட்டுறான். முந்தி நான் தாளம் தட்டுவன், ரெண்டு பேரும் சிரிப்பம். அதெல்லாம் நிண்டுபோச்சு. விடியக் கறவைக்கு நான் எழும்ப முதல் உர்சினா பாதியை முடிச்சிடுவா. நான் உள்ளுக்கு வர ரெண்டு பேரும் கதையை நிப்பாட்டுவினம். இறைச்சி சமைக்கிறதை விட்டிட்டா. எனக்குத்தான் இல்லை எண்டால் சரி, தானும் சாப்பிடாமல் உருளைக்கிழங்கும் பாற்கட்டியும். மிச்சம் பிடிக்கினமாக்கும் எண்டு நினைச்சன்.

இன்னொண்டு. ஒரு நாள் பேப்பர்த் துண்டும் பென்சிலும் கொண்டுவந்து, "உன்ர அம்மாவின்ர பேர் என்ன?" எண்டு கேக்கிறா. பேர், வயசு, ஊர். ஊரில பேர் எழுதிக் குடுத்த ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. என்னத்துக்கு எண்டு கேட்டன். கீழ கோயிலில வாசிக்க எண்டு என்னவோ சொன்னா. இவையளின்ர மாதா கோயிலில என்ர அம்மாவின்ர பேருக்கு என்ன வேலை? அவ பிள்ளையாரைத் தவிர ஒருத்தரையும் கும்பிட்டதில்லை. பேர் சொல்லேல்லை. "அம்மா எண்டு எழுதுங்கோ" எண்டன். அவ அதையே எழுதி மடிச்சு வைச்சுக்கொண்டா.

ஓகஸ்ட் முடிய ஒரு நாள் பாக்கிறன், தட்டில இருந்த பூமுடி ஒண்டையும் காணேல்லை. எல்லாம் பெட்டிக்குள்ள போட்டுக் கயிறு கட்டியாச்சு. உர்சினாவிட்டக் கேட்டன். "இந்த வருசம் பூ இல்லை யோகா" எண்டா. ஏன் எண்டன். என்னைப் பாத்தா, தோளில கையை வைச்சா, "உனக்கு விளங்கும்தானே" எண்டா.

விளங்காமல் என்ன? வடிவா விளங்கிச்சு.

ரெண்டு வருசம் பூ வைச்ச ஊர். நான் பின்னுக்கு வந்த ரெண்டு வருசமும் பூ இருந்தது. நான் முன்னுக்கு வாற வருசம் பூ இல்லை. இதுக்கு அகராதி வேணுமோ? கமரா பிடிக்கிற சனத்துக்கு முன்னால, பூ வைச்ச மாட்டோட என்ர முகம் வரக் கூடாது. ஆனா குடுத்த வாக்கையும் மாத்தேலாது. அதுக்கு ஒரு வழி, மாட்டை மொட்டையாக் கொண்டுபோறது.

இறக்கிற நாள் விடியக் காலமை ரெட்டோ மேனகாவுக்குப் பெரிய மணியைக் கட்டுறான். அந்த மணியின்ர தோல்வாரில ஒரு கறுப்புத் துணி. நல்ல கறுப்பு. சுருக்குப் போட்டு வடிவாக் கட்டியிருந்தது. மற்றதுகளுக்கு மணியே இல்லை. நான் துணியைப் பாத்தன், என்ர கையைப் பாத்தன், அவனைப் பாத்தன். அவன் கண்ணை மற்றப் பக்கம் திருப்பீட்டான். இன்னும் என்ன வேணும்? நீலச் சட்டையை நான் பைக்குள்ள வைச்சிட்டன். அவனும் போடச் சொல்லேல்லை. தானும் போடேல்லை.

முன்னுக்கு நடந்தன். அதை விடேல்லை. சொன்னவன், நடப்பன்.

ஊருக்குள்ள வாறம். போன வருசம் கைதட்டு வானத்தைப் பிளந்தது. இந்த வருசம் ஒரு சத்தமில்லை. ஒரு மணியும் முப்பத்தெட்டு மாட்டின்ர குளம்பும்தான். ரெண்டு பக்கமும் சனம் மரம் மாதிரி நிக்குது. ஆம்பிளையள் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு என்னையே பாக்கினம். மாட்டைப் பாக்கேல்லைப் பிள்ளை, என்னைத்தான். தபாற்கந்தோர் மூலையில ஒரு கிழவி றோட்டுக்குள்ள இறங்கி வந்து என்ர கையைப் பிடிச்சு என்னவோ சொன்னா. மலைப்பாசை. ரெண்டு கையாலயும் பிடிச்சு விடுறா இல்லை. நான் மெதுவா இழுத்தெடுத்தன். போய்ப் பிறகு சட்டைப் பொக்கற்றைத் தட்டிப் பாத்தன். பேர்ஸ் இருந்தது.

எங்கட ஆக்கள் பதினைஞ்சு பேர் வந்து நிண்டவை. பெட்டையள் சீலை உடுத்து, பிள்ளையளைத் தோளில வைச்சுக்கொண்டு. பூமாடு வருது பூமாடு வருது எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம். நிரோசா போனைத் தூக்கினவள், பேந்து இறக்கீட்டாள். ஒரு சின்னப்பெடியன் கேக்கிறான், "அப்பா, இது சும்மா மாடுதானே?"

செல்வச்சந்திரன் பக்கத்தில வந்தார். மெதுவாச் சொன்னார். அண்டைக்குச் சிரிக்கேல்லை, அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. "பாத்தியே யோகம். கறுத்தவன் முன்னுக்கு நடக்கிறான் எண்டவுடன பூவைக் கழட்டிப்போட்டான்கள். விடு. என்ர கடைக்கு வா, உனக்கு ஒரு இடம் இருக்கு."

அண்டைக்கு வெளிக்கிட்டவன்தான் நான். ரெட்டோ வீட்டில சூப்பு வைச்சிருக்கினம், எல்லாரும் வந்திருக்கினம், உன்ர ஆக்களையும் கூட்டிக்கொண்டு வா எண்டு உர்சினா வாசல் மட்டும் ஓடி வந்தவ. பதினைஞ்சு கதிரை கூடப் போட்டிருக்கு எண்டா. நான் நிக்கேல்லை. மேனகாவைத் தொழுவத்தில கட்டிப்போட்டு வந்திட்டன். அவளுக்கும் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எப்பன் மனசுக்குள்ள கிடக்கு. அவள் என்ன செய்தவள்? இப்ப அவளை ஆர் கறக்கினமோ தெரியாது. இல்லை எண்டு இண்டைக்குச் சொன்னால் வாற யூனில போலந்துக்காரன்தான். அவன்ர கை எப்பிடியோ. அவள் உதைச்சால் அடிப்பானோ.

அது கிடக்கட்டும்.

இப்ப நான் ஏறேக்க, இந்தச் சாரதியிட்டக் கேட்டன். எனக்கு மூண்டு வருசமாத் தெரிஞ்ச ஆள். ஏன் இந்த முறை உங்கட ஊர் மாடு பூவில்லாமல் வந்தது எண்டு. அவன் கியரைப் போட்டுக்கொண்டு சொல்லுறான், அது வழக்கமாம். கோடையில மேய்ச்சல்காரரின்ர பக்கத்தில ஒரு சாவு விழுந்தால் பூவும் இல்லை, பாட்டும் இல்லையாம். முந்தின ஆக்கள் தொடக்கம் அப்பிடித்தானாம். எங்கட செத்தவீட்டுத் துடக்கு மாதிரி எண்டு வையும்.

பாத்தீரே, எவ்வளவு வடிவாப் பொய் சொல்லுறான்கள். நான் சும்மா விட்டனானோ? ஆர் செத்தது எண்டு கணக்குப் பாத்தன். முப்பத்தெட்டு மாடு ஏத்தினது, முப்பத்தெட்டும் இறங்கினது. ஒரு கண்டு கூட விழேல்லை. ரெட்டோவின்ர தாய்க்குத் தொண்ணூறு, தக்காளிக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கிறா. உர்சினாவின்ர ஆக்கள் எல்லாரும் குண்டுக்கல்லாட்டம். மேய்ச்சல்காரர் எண்டு வேற ஆர் இருக்கினம்? அங்க வேற ஒருத்தரும் இல்லையே. பின்ன ஆற்ற சாவு?

என்ன பிள்ளை? சொல்லும். ஏன் அப்பிடிப் பாக்கிறீர்?

ஆற்ற?

இல்லை. இல்லைப் பிள்ளை. நீர் இஞ்ச வந்து ஒரு மாதம், உமக்கு இவையளைத் தெரியாது. அம்மாவை இவையள் கண்ணால கண்டதில்லை. ஒரு படம் கூடக் காட்டேல்லை நான். வருசம் முழுக்கக் காத்திருக்கிற ஒரு நாளை, ஒரு ஊரே சேந்து, பூநகரியில செத்த ஒரு கிழவிக்காகவோ? மூண்டு மாதம் அந்த மனிசி ரெண்டு ரெண்டாக் கட்டின பூவையோ? கதை விடாதையும்.

நான் அவவின்ர ஒரே ஒரு ஆம்பிளைப் பிள்ளை. தலைமாட்டில நிக்கேல்லை. கொள்ளி வைக்கேல்லை. எட்டாம் நாள் சடங்குக்குப் போகேல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போகேல்லை. காரின்ர திறப்பை மேசையில வைச்சுக்கொண்டு ஒரு மனிசன் பின்னேரம் மட்டும் காத்திருந்தான், அப்பவும் நான் எழும்பேல்லை. பெத்த பிள்ளை நானே செய்யாததை மாட்டுக்காரன் செய்வானோ? சொல்லும். நீரும் ஒரு தாயோட கதைச்சுக்கொண்டு வந்த பிள்ளைதானே, சொல்லும் பாப்பம்.

செய்யமாட்டான். செய்திருக்க ஏலாது.

செய்திருந்தான் எண்டால் இப்ப நான் போய் அவனிட்ட என்னத்தைச் சொல்லுறது?

ஓம், அந்தத் தேவாலயத்தோட இருக்கிறதுதான் என்ர இடம். வேண்டாம் பிள்ளை, பெல்லை அமத்தாதையும். விடும், பஸ் போகட்டும். அடுத்ததில இறங்கித் திரும்பி நடந்து வருவன்.